ஆளுக்கொரு முழம் வேண்டாம்: நுரையீரல் ஸ்கேன் பயிற்சி வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி வகுக்கும் எல்லோருக்கும் இந்த மடல். நீங்கள் மருத்துவக் கல்லூரியில் இருக்கலாம், அலுவலகத்தில் இருக்கலாம், மருத்துவர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கலாம். நுரையீரல் ஸ்கேன், அதாவது நெஞ்சை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் பயிற்சி என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நிகழ்ச்சி நிரல் அச்சாவதற்கு முன்னால் ஒரு பொது மருத்துவனாக என் கோரிக்கையை வைத்துவிடுகிறேன்.

தொண்டியில் ஒருவர், கீழக்கரையில் ஒருவர், இராமேஸ்வரத்தில் ஒருவர் என்று மூன்று பேரிடம் ஒரே நெஞ்சின் ஸ்கேனைக் காட்டினால், மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அப்படிப் பழக்குங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

இந்தக் கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு வருபவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கி, ஈரத் துணியோடு பிராகாரம் சுற்றி வந்த எழுபது வயது யாத்ரிகர் ஒருவர். பேசுவது இந்தியோ வங்காளமோ; மாத்திரைப் பை சுற்றுலாப் பேருந்திலேயே கிடக்கிறது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் இழுப்புச் சத்தம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோர்த்தாலும் அந்தச் சத்தம் கேட்கும், ஆஸ்துமாவிலும் கேட்கும். ஒன்றுக்கு, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி, இன்னொன்றுக்கு நெபுலைசர். மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே நோயாளிக்கு ஆகாது.

அடுத்து, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலங் கரிமூட்டம் போட்டே நெஞ்சைப் புகையாக்கிக்கொண்டவர். பழைய காசநோய்த் தழும்போடு இருப்பவர். மழைக்காலத்தில் டெங்குவில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சில் தேங்கத் தொடங்கிய பள்ளிப் பிள்ளை. சங்கு குளிக்க இறங்குபவர்கள் தனி ரகம். காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு 10 மீட்டர் ஆழத்தில் மூச்சு இழுத்தவர், அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசியும்.

இவர்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கலாம், எடுக்கிறோம். ஆனால் நிமிர்ந்து நிற்க முடியாதவரைப் படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் கொஞ்சம் நீரும் தெரியாது, முன்பக்கம் தங்கிய காற்றும் தெரியாது. சி.டி. வேண்டுமென்றால் தீவிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரம் போக வேண்டும், 50 கிலோமீட்டருக்கு மேல். 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மதுரைக்கு ஓடுவது குறைந்திருக்கிறது, நல்லது. ஆனாலும் 108-இல் ஏற்றி அனுப்புவதற்கு முன்னால் படுக்கையருகே சில நிமிடங்களில் முடிவு எடுக்க நம் கையில் இருப்பது அந்த ஸ்கேன் ஒன்றுதான்.

மருத்துவர் அல்லாத வாசகர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றுக்குள் அல்ட்ராசவுண்ட் போகாது. அதனால் நுரையீரலுக்கும் ஸ்கேனுக்கும் ஆகாது என்றுதான் நெடுங்காலம் பாடம் நடந்தது. ஆனால் அந்தக் காற்று உண்டாக்கும் பொய் பிம்பங்களுக்கே ஓர் ஒழுங்கு உண்டு என்று சிலர் கண்டார்கள். நல்ல நுரையீரலில், அதன் மேலுறையான ப்ளூராவுக்குக் கீழே, சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் தெரியும்: ஏ-லைன். நுரையீரல் ஈரமாகிவிட்டால் ப்ளூராவிலிருந்து நெட்டுக்குத்தாக வெண்கோடுகள் இறங்கும்: பி-லைன். பிரான்ஸ் நாட்டுத் தீவிர சிகிச்சை மருத்துவர் லிக்டென்ஸ்டைன் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 260 நோயாளிகளின் மூச்சுத்திணறலுக்கான காரணத்தை இந்த வகையில் பிரித்து, 90.5 விழுக்காடு சரியாகச் சொல்ல முடிந்தது என்று காட்டினார். 2012-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பொது வரையறைகளை வெளியிட்டார்கள்.

அந்த வரையறையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ப்ளூராவில் தொடங்கி, மங்காமல் திரையின் அடிவரை இறங்கி, நுரையீரல் நகரும்போது தானும் நகர்வதுதான் பி-லைன். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடம் 'பாசிட்டிவ்'. இரு பக்கமும் இப்படி இரண்டு இரண்டு இடங்களாவது இருந்தால் நுரையீரலின் இடைத்திசு நனைந்திருக்கிறது அல்லது தடித்திருக்கிறது என்று பொருள். படிக்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது. இனி புரோப்பை, நெஞ்சில் வைத்துப் பார்க்கும் அந்தக் கருவியை, கையில் எடுங்கள்.

கோடு இரண்டா மூன்றா என்பதில் முடிவே புரண்டுவிடுகிறது. இரண்டு என்றால் நார்மல், வயதானவர்களுக்கு அடிப்பக்கத்தில் அப்படி இருக்கும். மூன்று என்றால் நோய். அந்த ஒற்றைக் கோட்டை எண்ணுவதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறோம். இரண்டு நொடி வீடியோ கிளிப்பில் இரண்டு கோடு. ஆறு நொடி வைத்திருந்தால் மூச்சோடு இன்னொன்று உள்ளே வரும். நிறுத்திய படத்தில் எண்ணுகிறவர் ஒன்று சொல்வார், ஓடும் படத்தில் எண்ணுகிறவர் வேறொன்று சொல்வார். இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரு பட்டையாக இறங்கினால் அது ஒன்றா, இரண்டா, நான்கா? வெள்ளையாக நிறைந்த இடம் எத்தனை விழுக்காடு என்று மதிப்பிட்டு அதைப் பத்தால் வகுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. 60 விழுக்காடு வெள்ளை என்றால் ஆறு கோடு. இதைக் கேள்விப்படாதவர் பக்கத்து அறையிலேயே இருப்பார், அவர் 'ஒன்று' என்று எழுதுவார்.

எண்ணுவதற்கு முன்னால் பிடிப்பதே வேறுபடுகிறது. புரோப் ப்ளூராவுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தால் கோடுகள் மங்கும். உட்கார வைத்து எடுப்பதற்கும் படுக்க வைத்து எடுப்பதற்கும் எண்ணிக்கை மாறும். ஒரே நோயாளிக்குக் காலையில் ஒருவர் உட்கார வைத்தும் மாலையில் இன்னொருவர் படுக்க வைத்தும் எடுத்துவிட்டு, 'லாசிக்ஸுக்குக் கேட்டிருக்கிறது' அல்லது 'கேட்கவில்லை' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. மெஷினின் செட்டிங் இன்னொரு தொல்லை. முந்தைய ஆள் கர்ப்பிணி ஸ்கேனுக்கு வைத்திருந்த செட்டிங்கிலேயே நெஞ்சைப் பார்த்தால், படத்தை அழகாக்குவதற்காக மெஷின் செய்யும் மெழுகுவேலை நமக்கு வேண்டிய பொய் பிம்பங்களைத்தான் முதலில் அழிக்கும். எத்தனை இடங்களில் பார்ப்பது என்பதிலும் 8 என்று ஒரு முறை, 12 என்று ஒரு முறை, 28 என்று ஒரு முறை. 12 இடங்களுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு 36-க்குக் கூட்டுகிறவர் 'பதினாலு' என்பார். 8 இடம் பார்த்தவர் 'மூணு எடம் பாசிட்டிவ்' என்பார். இருவரும் ஒரே நோயாளியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இராமேஸ்வரம் சன்னதித் தெருவில் பூ வாங்கியவர்களுக்குத் தெரியும்: மூன்று முழம் என்பது விற்கிறவர் கையின் நீளத்தைப் பொறுத்தது. பூவுக்கு அது போதும்.

தொலைபேசியில் இது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். "சார், பேஷன்ட்டுக்கு பி-லைன் இருக்கு சார், ரெஃபர் பண்றோம்." மறுமுனையில் இருப்பவர் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டால்: எங்கே, எத்தனை, உட்கார வைத்தா படுக்க வைத்தா, ப்ளூரா கோடு வழவழவென்று இருக்கிறதா, கரடுமுரடாக இருக்கிறதா? கரடுமுரடு என்றால் இதயக் கோளாறைவிட நிமோனியாவோ நாட்பட்ட தழும்போ என்றல்லவா எண்ணம் போக வேண்டும். நள்ளிரவில் இதையெல்லாம் கேட்கிறவரும் குறைவு, சொல்லத் தெரிந்தவரும் குறைவு. கடைசியில் "சரி, அனுப்புங்க, இங்க பாத்துக்கலாம்" என்று முடியும். கடலோரத்தில் எடுத்த ஸ்கேனுக்கு அங்கே மதிப்பில்லை, மறுபடி எடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எண்ணிக்கைச் சிக்கல் இப்படி என்றால், ஒன்றை இன்னொன்றாகப் பார்க்கும் சிக்கல் வேறு. சாப்பிட்டு வந்தவரின் இடது அடிப்பக்கத்தில் நிறைந்த இரைப்பை, நிமோனியா கட்டிபோலத் தெரியும். உதரவிதானம் எங்கே என்று முதலில் தேடாதவர் ஏமாறுவார். ப்ளூரா அசையவில்லை என்றால் காற்று கசிந்திருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். நம் பக்கத்தில் பழைய காசநோய்த் தழும்பால் உறை ஒட்டிக்கொண்டவர்களுக்கும் அது அசையாது. அவர் நெஞ்சில் குழாய் செருகினால் என்ன ஆகும்? அசைகிற உறையும் அசையாத உறையும் மாறி மாறித் தெரியும் 'லங் பாயின்ட்' என்ற எல்லையைத் தேடச் சொல்லிப் பழக்க வேண்டும். இன்னொரு பக்கம், இதயத் துடிப்பில் ப்ளூரா லேசாகத் துள்ளுவதைப் பார்த்து 'ஸ்லைடிங் இருக்கிறது', அதாவது உறை மூச்சோடு வழுக்கி அசைகிறது என்பார்கள். அந்தத் துள்ளல் காற்றுக் கசிவு இல்லை என்று காட்டும், சரிதான். ஆனால் அந்தப் பகுதிக்குக் காற்று போய் வருகிறது என்று காட்டாது. கரிமூட்டக்காரரின் நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயிலோ ஸ்கேன் பெரும்பாலும் ஏ-லைனோடு சுத்தமாக இருக்கும்; 'ஸ்கேன் நார்மல், பயப்பட ஒண்ணுமில்ல' என்று அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதும் பாடத்தில் வர வேண்டும்.

இப்போது வழக்கமான பயிற்சிக்கு வருகிறேன். ஒரு நாள். காலையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பதினோரு மணிக்கு ஸ்லைடுகள், மதியம் பிரியாணி, பிறகு 'செயல்முறை'. அந்தச் செயல்முறைக்குப் படுக்க வைப்பது யாரை? திடகாத்திரமான மாணவர்களை. நாள் முழுக்க நல்ல நுரையீரலைத் தடவிவிட்டுச் சான்றிதழோடு திரும்புகிறோம். ஒரு பி-லைனைக்கூட உயிருள்ள நெஞ்சில் பார்க்காதவர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம். அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் அமைப்பின் (ACEP) வழிகாட்டுதல், ஒவ்வொரு வகை ஸ்கேனுக்கும் 25 முதல் 50 வரை செய்திருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொன்றையும் இன்னொருவர் பார்த்துத் தரம் சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நாம் எண்ணிக்கையை மட்டும் கேட்டு ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்கிறோம்.

'எங்கள் பயிற்சிக்குப் பிறகு பார்ப்பவர்களுக்குள் 90 விழுக்காடு ஒற்றுமை வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், தயவுசெய்து உடனே கைதட்டிவிடாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 100 கிளிப்கள். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்; ஆளுக்குப் பத்தில் 'பி-லைன் உண்டு' என்கிறார்கள். இருவரும் சேர்ந்து 'உண்டு' என்றது 5, இருவரும் 'இல்லை' என்றது 85. மொத்தம் 90 ஒற்றுமை, அழகான எண். ஆனால் இரண்டு பேரும் படத்தையே பார்க்காமல் குருட்டாம்போக்கில் ஆளுக்குப் பத்தைத் தேர்ந்திருந்தாலும் சராசரியாக 82 ஒத்துப்போயிருக்கும். தற்செயலைத் தாண்டி எட்டக்கூடியது 18, எட்டியது 8. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா அளவில் இது 8-ஐ 18-ஆல் வகுத்தது, அதாவது 0.44. 'நடுத்தரம்' என்று மரியாதையாக அழைக்கிற இடம். இன்னும் பச்சையாகச் சொன்னால், இருவரில் ஒருவராவது நோய் என்று சொன்ன 15 நெஞ்சுகளில் 5-இல்தான் மற்றவரும் அதையே சொன்னார். மீதிப் பத்துப் பேருக்கு அன்றைக்கு டூட்டியில் யார் என்பதுதான் வைத்தியம். ஆகவே விழுக்காட்டை மட்டும் கேட்காதீர்கள். இருவரும் 'உண்டு', இருவரும் 'இல்லை', முதல்வர் மட்டும் 'உண்டு', மற்றவர் மட்டும் 'உண்டு' என்ற அந்த நாலு கட்ட அட்டவணையையே கேளுங்கள்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் மாவட்டம் முழுக்க ஒரே முறையில் பிடிப்போம். எத்தனை இடம், எந்தப் புரோப், எந்த நிலை, எத்தனை ஆழம், எத்தனை நொடி கிளிப், ஒட்டிய கோடுகளை எப்படி எண்ணுவது. ஒரு பக்கத் தாள் போதும், தமிழில், மெஷினிலேயே ஒட்டி வைக்கும்படி. எட்டா பன்னிரண்டா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பரபரப்பான இரவுக்கு எட்டு போதும் என்பது என் கருத்து. ஆனால் எதுவானாலும் எல்லோருக்கும் அதுவே.

அடுத்து, நம் நோயாளிகளின் படங்களைக் கொண்டே ஒரு கிளிப் தொகுப்பு. வெளிநாட்டுப் பாடநூல் படங்கள் எல்லாம் தெளிவின் உச்சம். நம் வார்டில் கிடைப்பது வியர்வை, ஒடுங்கிய விலா இடுக்கு, இருமல், பழைய மெஷின். சம்மதம் வாங்கி, பெயரும் எண்ணும் அழித்து, மெஷினிலிருந்தே நேராக எடுத்த கிளிப்களாக இருக்கட்டும். திரையை ஃபோனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நசுங்கி, மெல்லிய கோடுகள்தான் முதலில் காணாமல் போகும். தொகுப்பில் நல்லது, கெட்டது, எல்லைக்கோட்டில் நிற்பது மூன்றும் கலந்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டு ரகம் நிறையவே வேண்டும், சண்டை அங்கேதானே.

அதைப் பார்க்கிற முறைதான் மிக முக்கியம். ஒவ்வொருவரும் தனியாக, நோயாளியின் கதை தெரியாமல், முதலில் பதிலை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் கூடிப் பேசுவது. கூட்டத்தில் முதலில் கேட்டால் பேராசிரியர் வாயைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எண்ணுவார்கள். அது ஒற்றுமை ஆகாது, மரியாதை. பதில் தாளில் 'சொல்ல முடியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும்' என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள். அதில் டிக் போடுகிறவரை மட்டம் தட்டாதீர்கள். அந்தக் கட்டம் இல்லாததால்தான் மோசமான படத்துக்கும் ஏதோ ஒரு பதில் வந்து விழுகிறது.

எல்லோரும் சேர்ந்து தப்பாகவும் ஒத்துப்போகலாம் என்பதை மறக்கக் கூடாது. பத்துப் பேர் இரைப்பையை நிமோனியா என்று ஒரே குரலில் சொன்னால் அதனால் கப்பா கொஞ்சமும் குறையாது. அதனால் தொகுப்பில் முடிந்தவரை சி.டி., எக்கோ என்னும் இதய ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த நீர், டிஸ்சார்ஜ் முடிவு என்று ஏதாவது ஒரு சாட்சி இருக்கும் கிளிப்களைச் சேருங்கள். கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிய நோயாளிகளின் முடிவு எங்களுக்குத் திரும்பி வந்தாலே பாதிப் பயிற்சி நடந்துவிடும். இன்றைக்கு ஆம்புலன்ஸ் கதவு மூடியதோடு அந்தக் கதை எங்களுக்கு முடிந்துவிடுகிறது.

செவிலியர்களை விட்டுவிடாதீர்கள். மருத்துவர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்போம், முதுநிலைப் படிப்புக்குப் போவோம். வார்டின் நினைவு அவர்களிடம்தான் தங்கும். கிளிப் பார்த்துக் கோடு எண்ண அவர்களையும் பழக்கலாம்.

தானாகவே பி-லைன் எண்ணும் மென்பொருளோடு மெஷின்கள் வருகின்றன, அதை வாங்கினால் போதுமே என்று ஒரு குரல் கேட்கிறது. வாங்குங்கள். சாய்த்துப் பிடித்த புரோப்பை அது நிமிர்த்தி வைக்காது.

இன்னொன்று, சட்டத்தின் பக்கம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த ஸ்கேன் மெஷினும் பதிவில் இருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் சிறிய மெஷினை நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. அந்தச் சட்டம் தேவையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நெஞ்சு பார்க்க வந்த மெஷின், காகிதம் சரியில்லாமல் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. யார் பயன்படுத்தலாம், எந்த அறையில், எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பதைப் பயிற்சி நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பயத்தில் தொடாமல் இருப்பவர்களும் நம்மில் உண்டு.

ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்கினால் டெங்குப் பிள்ளைகளுக்கு உதவும். எல்லா மருத்துவமனைகளும் ஒரே நாளில் வர வேண்டியதில்லை. தீவில் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று, கல்லூரி மருத்துவமனை என்று மூன்று இடம் போதும். 40 கிளிப். ஆளுக்கு ஒரு பதில் தாள். மூன்று மாதம் கழித்து அதே 40-ஐ வரிசை மாற்றி மறுபடியும் கொடுங்கள்: மற்றவரோடு ஒத்துப்போகிறோமா என்பதோடு, நம் பழைய பதிலோடு நாமே ஒத்துப்போகிறோமா என்பதும் தெரிந்துவிடும். பலருக்கும் அதுதான் அதிர்ச்சியாக இருக்கும்.

முதல் தொகுப்புக்கான கிளிப்களை, பெயர் நீக்கி, சம்மதப் படிவத்தோடு தர எங்கள் வார்டு தயார். பதில் தாளின் மாதிரி ஒன்றும் எழுதி வைத்திருக்கிறோம். யாரிடம் கொடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி பதில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரை மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவன்